அமெரிக்காவில் இருந்து வரும் ஐபோனில் நம்ம ஊர் சிம் வேலை செய்யுமா? 'கேரியர் லாக்' பற்றி வாங்கும் முன் தெரிய வேண்டியவை

புனே மகர்பட்டா சைபர்சிட்டியில் வேலை பார்க்கும் தமிழர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் செப்டம்பர் பிறந்தால் ஒரு கேள்வி எட்டிப் பார்க்கும். "ஆன்சைட்ல இருந்து யாராவது வர்றீங்களா? ஒரு ஐபோன் வேணும்." புது மாடல் வரும் மாதம் அது. ஐ.டி. வேலையில் அமெரிக்கா போய் வருவது சகஜம் என்பதால், வாங்கி வரவும் யாராவது ஒருவர் கிடைத்துவிடுவார்.

இப்படி வரும் போன்களில் சில, இந்திய சிம்மைப் போட்டதும் 'சிம் நாட் சப்போர்ட்டட்' என்று சொல்லிவிட்டு அப்படியே நிற்கும். போன் புதுசு, பெட்டி பிரிக்காதது, பில்லும் இருக்கிறது. ஆனாலும் ஏர்டெல் ஏறாது, ஜியோ ஏறாது. காரணம், அது ஒரு அமெரிக்க நெட்வொர்க் நிறுவனத்தோடு பூட்டப்பட்ட போன்.

லாக் என்றால் என்ன?

ஒவ்வொரு சிம்முக்குள்ளும் ஓர் அடையாள எண் உண்டு. அதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும். இந்தியாவுக்கு 404, 405. அமெரிக்காவுக்கு 310-ல் தொடங்கும் சில எண்கள். அடுத்த இரண்டு மூன்று இலக்கங்கள் எந்த நிறுவனத்தின் சிம் என்பதைச் சொல்லும். கேரியர் லாக் செய்யப்பட்ட போன் இந்த எண்ணைப் படித்து, தனக்கு அனுமதிக்கப்பட்ட நிறுவனம்தானா என்று பார்க்கும். இல்லையென்றால் சிம்மை ஏற்காது, அவ்வளவுதான். கேமரா, வைஃபை, ஆப் எல்லாம் ஓடலாம். நெட்வொர்க் மட்டும் கிடைக்காது.

ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் நிறுவனம் தரும் ஒரு கோடு எண்ணையோ ஆப்பையோ வைத்து இந்தப் பூட்டைத் திறக்கலாம். ஐபோனில் பூட்டின் பதிவு ஆப்பிளின் சர்வரில் இருக்கிறது. போனை ரீசெட் செய்தாலும், சாஃப்ட்வேர் மாற்றினாலும் அது போகாது. சம்பந்தப்பட்ட நெட்வொர்க் நிறுவனம் "திறந்துவிடு" என்று ஆப்பிளுக்குச் சொன்னால்தான் உண்டு.

அந்த 'ஃப்ரீ' போனின் கணக்கு

அமெரிக்க நிறுவனங்கள் போனைப் பூட்டுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. போனை மலிவாகவோ சும்மாவோ கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை மாதாமாதம் பிளானில் எடுப்பதுதான் அங்கே வழக்கம். ஏடி அண்ட் டி, வெரைசான் இரண்டும் பொதுவாக 36 மாதக் கணக்கு போடும்.

உதாரணத்துக்கு 900 டாலர் போன் 'இலவசம்' என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 டாலர் தவணை பில்லில் ஏறும். அதே பில்லில் 25 டாலர் கழிவும் வரும். 36 மாதம் அங்கேயே இருந்தால் உண்மையிலேயே இலவசம்தான். ஆனால் ஆன்சைட் போனவரை எட்டாவது மாதம் கம்பெனி திருப்பி அழைத்துவிட்டால்? கழிவு நின்றுவிடும். மீதி 28 தவணை, அதாவது 700 டாலரை மொத்தமாகக் கட்ட வேண்டும். கட்டி முடித்தால்தான் அன்லாக் கேட்கவே முடியும். கட்டாமல் விமானம் ஏறினால் போன் பூட்டியபடியே இருக்கும், அங்கே கறுப்புப் பட்டியலிலும் சேரலாம்.

பிரீபெய்டு போன்களில் வேறு மாதிரி சிக்கல். சூப்பர் மார்க்கெட்டில் பாதி விலைக்குத் தொங்கும் போன்கள் பெரும்பாலும் இந்த ரகம். முழுப் பணம் கொடுத்திருந்தாலும், அந்த நிறுவனத்தின் சேவையைக் குறிப்பிட்ட காலம் பயன்படுத்திய பிறகே அன்லாக் கிடைக்கும். டி-மொபைல் பிரீபெய்டில் ஒரு வருடம் வரைகூட ஆகலாம். வாங்கி நேராக சூட்கேஸில் போட்டுக் கொண்டுவந்தவருக்கு அந்தக் கணக்கு தொடங்கவே தொடங்காது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. சில அமெரிக்கக் கடைகளில் விற்கும் ஐபோன்கள் பெட்டியில் இருக்கும்வரை எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. முதலில் எந்த சிம்மைப் போட்டு ஆக்டிவேட் செய்கிறோமோ அதோடு பூட்டிக்கொள்ளும். "சீல்டு பாக்ஸ், அன்லாக்டுதான்" என்று நண்பர் நல்ல மனதோடு சொல்வார். செக் பண்ணிப் பார்க்கலாமே என்று அங்கத்திய சிம்மைப் போட்ட அந்த நிமிடத்தில்தான் பூட்டு விழுந்திருக்கும்.

நம் ஊரில் ஏன் இந்தத் தொல்லை இல்லை?

இருந்தது, நிலைக்கவில்லை. 2003-ல் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்துக்கு சிடிஎம்ஏ போன் கொடுத்தது நினைவிருக்கலாம். இல்லையென்றால் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். அதில் சிம் கார்டே கிடையாது, நம்பர் போனுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். வேறு கம்பெனிக்குப் போக வேண்டுமானால் போனையே மாற்ற வேண்டும். 2017-ல் 1,500 ரூபாய் டெபாசிட்டுக்கு வந்த ஜியோபோனிலும் ஜியோ சிம் மட்டும்தான்.

இரண்டிலும் வாடிக்கையாளருக்கு விலையில் லாபம் இருந்தது. கோபம் வந்தது 2008 ஆகஸ்டில். ஏர்டெல்லும் வோடஃபோனும் ஐபோன் 3ஜி-யை இந்தியாவுக்குக் கொண்டுவந்தன. இரண்டு வருட ஒப்பந்தத்தோடு அமெரிக்காவில் 199 டாலருக்குக் கிடைத்த 8 ஜிபி மாடல், இங்கே 31,000 ரூபாய். அதுவும் பூட்டியே வந்தது. முழு விலையும் கொடு, பூட்டையும் வாங்கிக்கொள் என்றால் யார் வாங்குவார்?

இந்தியச் சந்தையில் பெரும்பான்மை பிரீபெய்டு. 36 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க ஆளே இல்லை. இரண்டு சிம் போடும் பழக்கமும், 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்த நம்பர் போர்ட்டபிளிட்டியும் சேர்ந்து கொண்டன. இன்று இங்கே கடையில் வாங்கும் ஸ்மார்ட்போனில் எந்த சிம்மையும் போடலாம் என்பதைக் கிட்டத்தட்ட உரிமையாகவே எடுத்துக்கொள்கிறோம். கனடா 2017 டிசம்பரிலும், ஜப்பான் 2021 அக்டோபரிலும், பிரிட்டன் 2021 டிசம்பரிலும் சட்டம், விதி போட்டுத்தான் இந்த இடத்துக்கு வந்தன. அந்த நாடுகளில் இருந்து வரும் புதுப் போன்களில் கவலை குறைவு. அமெரிக்காவில் தவணை முடிந்தவர் அன்லாக் கேட்கலாம். ஆனால் பூட்டி விற்பது அங்கே இன்னும் வழக்கம்தான்.

சிம் ஏறாவிட்டால் என்ன நஷ்டம்?

"வைஃபையில் ஓட்டிக்கலாமே" என்று நினைக்கலாம். முடியாது. யுபிஐ ஆப்பைத் தொடங்கும்போது, வங்கியில் பதிவான நம்பரில் இருந்து ஒரு எஸ்எம்எஸ் போயாக வேண்டும். அது அந்தப் போனில் இருக்கும் சிம்மில் இருந்தே போக வேண்டும். பல வங்கி ஆப்களும் அப்படித்தான். தமிழ்நாட்டு நம்பரை வங்கிக்கும் வீட்டுக்கும், புனே நம்பரை ஆபீஸுக்கும் வைத்திருப்பவருக்கு, பூட்டிய போன் காய்கறி வாங்கக்கூட உதவாது.

செகண்ட் ஹேண்டில் வரும் சின்ன சிப்

பூட்டிய போன்கள் கடைசியில் பழைய போன் சந்தைக்கு வருகின்றன. சிம் கார்டுக்கு அடியில் காகிதம் போல ஒரு மெல்லிய சிப்பை வைத்து, "இது அமெரிக்க சிம்" என்று போனை ஏமாற்றுவார்கள். இதற்குப் பேர் ஆர்-சிம். கடையில் காட்டும்போது நன்றாக ஓடும். அடுத்த சாஃப்ட்வேர் அப்டேட்டில் நின்றுபோகலாம். எனவே விற்பவர் 'சிப் அன்லாக்' என்று சொன்னால் பூட்டு திறக்கவில்லை என்றே அர்த்தம். 'ஃபேக்டரி அன்லாக்' வேறு. அது நிறுவனமே திறந்தது. ஐபோன் 14-ல் இருந்து அமெரிக்க மாடல்களில் சிம் டிரேயே இல்லை, இ-சிம் மட்டும்தான். அவற்றில் இந்த வித்தைக்கு இடமே இல்லை.

எப்படிப் பார்ப்பது?

ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போய்க் கீழே இறங்குங்கள். 'கேரியர் லாக்' என்ற வரியில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருந்தால் திறந்த போன். நண்பர் அங்கே இருக்கும்போதே இந்தத் திரையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விமானம் ஏறிய பிறகு கேட்டுப் பயனில்லை. புதிதாக வாங்குவதென்றால் ஆப்பிளின் சொந்தக் கடையிலோ தளத்திலோ, 'பின்னர் எந்த கேரியரிலும் இணைக்கிறேன்' என்ற வகையைத் தேர்ந்து முழுப் பணம் கட்டுவதே பாதுகாப்பு. ஆண்ட்ராய்டு என்றால் வேறு நிறுவன சிம்மைப் போட்டு ஒரு கால் பேசிப் பார்ப்பதைவிட நல்ல சோதனை இல்லை.

*#06# அடித்து ஐஎம்இஐ எண்ணை எடுத்து, கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடம் விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்கு அனுப்பும் வசதியும் உண்டு. செகண்ட் ஹேண்டுக்கு அவசியம் செய்ய வேண்டியது. ஆனால் அது சொல்வது போனின் மாடலையும், இந்தியாவில் அது முடக்கப்பட்டதா என்பதையும்தான். அமெரிக்கப் பூட்டைப் பற்றி அதற்குத் தெரியாது.

திறந்த போன் என்றாலும் இரண்டு விஷயம் பாருங்கள். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. வெளிநாட்டு ஆண்ட்ராய்டு மாடலில் வோல்ட்டி சரியாக இயங்காவிட்டால் டேட்டா வரும், சாதாரண கால் போகாது. அடுத்து வாரண்டி. போன் முதலில் விற்கப்பட்ட நாட்டோடு சேவையை நிறுத்திக்கொள்ளும் உரிமையை ஆப்பிள் தன் நிபந்தனைகளிலேயே வைத்திருக்கிறது. டிஸ்ப்ளே போனால் மிச்சம் பிடித்த பணம் அங்கேயே கரைந்துவிடும். என் கணக்கில், விலை வித்தியாசம் 10,000 ரூபாய்க்குள் என்றால் இங்கேயே பில்லோடு வாங்குவது மேல்.

இஎம்ஐ லாக் வேறு

இங்கே தவணையில் வாங்கும் ஆண்ட்ராய்டு போன்களில் சில கடன் நிறுவனங்கள் ஒரு ஆப்பைப் போட்டுவிடும். தவணை தவறினால் தூரத்தில் இருந்தே முழுப் போனையும் முடக்கிவிடும். கேரியர் லாக் சிம்மை மட்டும்தான் தடுக்கும், இது எல்லாவற்றையும். இந்த முறையை விதிகளோடு அனுமதிப்பது பற்றி ரிசர்வ் வங்கி யோசிக்கிறது என்ற செய்தி 2025 செப்டம்பரில் வந்து பெரிய விவாதமானது. பழைய ஆண்ட்ராய்டு வாங்கும்போது விற்பவரிடம் கடன் முடிந்ததற்கான சான்றைக் கேளுங்கள். முகத்துக்கு நேரே ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்லி, போன் திரும்ப எழுந்து வைஃபையில் இணைந்து ஐந்து நிமிடம் ஆன பிறகு பணத்தைக் கொடுங்கள்.