எண்ணெய்க் கிணறுகளில் சீமெந்தின் இறுகலும் இரசாயனக் கட்டுப்பாடும்

கட்டட வேலையில் ஈடுபடுவோர் சீமெந்து இறுகுவதைக் கண்ணாற் கண்டு, கையாற் தொட்டு அறிவர். எண்ணெய்க் கிணறு அமைப்போருக்கு அவ்வசதி இல்லை. உருக்குக் குழாயினூடாகச் செலுத்தப்படும் சீமெந்துக் கூழ், குழாயின் அடிமுனையால் வெளியேறி, குழாய்க்கும் பாறைக்கும் இடைப்பட்ட வளைய வெளியில் மேலேறி, அங்கு இறுகவேண்டும். இவ்வாறு இறுகிய சீமெந்தே குழாயைத் தாங்குகின்றது. எண்ணெய், வாயு, உவர்நீர் ஆகியன ஒரு பாறைப் படையிலிருந்து மற்றொன்றுக்குப் பாயாது தடுக்கின்றது. கூழ் முந்தி இறுகின் குழாயினுள்ளேயே கல்லாகிவிடும். பிந்தி இறுகின் வாயு அதனை ஊடுருவித் தனக்கு வழி அமைத்துக்கொள்ளும்.

போட்லன்ட் சீமெந்துக்கு வலிமை தருவது பெரும்பாலும் முக்கல்சியஞ் சிலிக்கேற்றாகும். அது நீருடன் தாக்கமுற்று, துணிக்கைகளைப் பிணைக்கும் கல்சியஞ் சிலிக்கேற்று ஐதரேற்றைத் தருகின்றது. வெப்பநிலை உயர, இத்தாக்கம் விரைவடையும். புவியினுள்ளே செல்லச்செல்ல, கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியசு வரை வெப்பநிலை உயர்கின்றது. எனவே, ஆழமான கிணற்றில் சாதாரண கூழ் உரிய இடத்தை அடையுமுன்னரே தடித்துவிடும்.

இதனைத் தவிர்க்கவே தாமதமாக்கிகள் சேர்க்கப்படுகின்றன. கடதாசிக் கைத்தொழிலின் பக்கவிளைபொருளான இலிக்னோசல்பனேற்று, சித்திரிக்கமிலம், தாத்தாரிக்கமிலம், குளுக்கோனேற்று என்பன இவ்வகையின. இவை கல்சியம் அயன்களைப் பிணைத்தோ, துணிக்கைகளின் மேற்பரப்பிற் படிந்தோ, புதிய பளிங்குகள் வளர்வதைத் தடுக்கின்றன. சிறிதளவு சீனியும் இதே விளைவைத் தரவல்லது.

குளிர்ந்த, ஆழங்குறைந்த பகுதிகளில் பிரச்சினை நேர்மாறானது. அங்கு சீமெந்தின் நிறையில் 2 முதல் 4 சதவீதம் வரை கல்சியங் குளோரைட்டுச் சேர்த்து இறுகலை விரைவுபடுத்துவர். கறியுப்பின் இயல்போ இருவகைப்பட்டது: குறைந்த செறிவில் விரைவுபடுத்தும், மிகுந்த செறிவில் தாமதப்படுத்தும். ஆகவே, எப்பொருள் என்பதைப் போன்றே எவ்வளவு என்பதும் முக்கியமாகும். கிணற்றடியின் வெப்பநிலையும் அமுக்கமும் அமைந்த கருவியில் கூழைக் கலக்கியவாறே அதன் தடித்தல் நேரத்தை அளந்து, அளவைத் தீர்மானிப்பர்.

இச்சோதனைகள் வெறும் சம்பிரதாயமல்ல. 2010 ஏப்பிரல் 20 இல் மெக்சிக்கோ வளைகுடாவின் மக்கொண்டோ கிணற்றிலிருந்து பீறிட்ட வாயு வெடித்ததில் 11 தொழிலாளர் மாண்டனர். அங்கு பயன்பட்டது நைதரசனால் நுரையாக்கப்பட்ட சீமெந்தாகும். கிணற்றடிச் சீமெந்து வாயுவை மறிக்கத் தவறியதை 2011 சனவரியில் வெளியான ஐக்கிய அமெரிக்கத் தேசிய ஆணைக்குழுவின் அறிக்கை எடுத்துரைத்தது. நுரை நிலையற்றதாகலாம் எனக் காட்டிய ஆய்கூட முடிவுகள் சில முன்னரே கிடைத்திருந்தும் வேலை நிறுத்தப்படவில்லை.

இரசாயனம் தன் எச்சரிக்கையை ஆய்கூடத்திலேயே தந்திருந்தது. அதனைச் செவிமடுப்பதா, காலமும் செலவும் கருதிக் கடந்து செல்வதா என்னும் தீர்மானம் மனிதருடையது. அத்தீர்மானத்தின் விலையை முதலிற் செலுத்துவோர் துளையிடும் மேடையில் நிற்கும் தொழிலாளரே.