மூளை டாக்சோபிளாசுமா தொற்று

மூளை டாக்சோபிளாசுமா தொற்று என்பது டாக்சோபிளாசுமா கோண்டீ என்னும் ஒற்றைக்கல ஒட்டுண்ணியால் மூளையில் ஏற்படும் நோயாகும். 1908 ஆம் ஆண்டில் துனிசு நகரில் சார்லசு நிக்கோல், லூயி மான்சோ ஆகியோர் வட ஆப்பிரிக்கக் கொறிணி ஒன்றில் இவ்வொட்டுண்ணியைக் கண்டறிந்தனர். பூனைக் குடும்பமே இதன் முதன்மை ஓம்புயிர். சரியாக வேகாத இறைச்சி, பூனைக் கழிவு கலந்த மண், நீர் ஆகியவற்றால் மனிதருக்குப் பரவுகிறது.

நலமுள்ளவர் உடலில் இது தசையிலும் மூளையிலும் பல்லாண்டுகள் அடங்கிக் கிடக்கும். எச்.ஐ.வி. தொற்றுள்ளவரின் சிடி4 அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் 100க்குக் கீழே குறையும்போது மீண்டும் பெருகத் தொடங்குகிறது.

ஒரு பக்கக் கை, கால் செயலிழப்பு, பேச்சுக் குழறல் ஆகியவை தோன்றுவதால் இது பக்கவாதம் எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. பக்கவாதம் பெரும்பாலும் சில நிமிடங்களில் தாக்கும். இத்தொற்று பொதுவாக நாள்கணக்கில், தலைவலி, காய்ச்சல், குழப்பத்துடன் முற்றும். ஆயினும் திடீரெனத் தொடங்குவதும் உண்டு. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு உண்மையான பக்கவாதமும் கூடுதலாக வருவதால் குழப்பம் பெருகுகிறது. தமக்கு எச்.ஐ.வி. இருப்பதையே அறியாதவரிடம் இதுவே முதல் அறிகுறியாகலாம். தவறு எளிதில் நேர்வது அங்கேதான்.

சாயம் செலுத்தாத சி.டி. படத்தில் பாதிப்பிடம் குருதியோட்டம் தடைப்பட்ட பகுதியைப் போலவே கருமையாகத் தெரியக்கூடும். சாயம் செலுத்தி எடுத்தால் பெரும்பாலும் பல வளையங்கள் புலப்படும். பைரிமெத்தமின், சல்பாடையசின், லியூகோவோரின் ஆகியவை சேர்த்துத் தரப்படுகின்றன, கோ-டிரைமாக்சசோலும் பயன்படுகிறது. பெரும்பாலோர் இரு வாரங்களில் தேறத் தொடங்குவர். தேறாவிடில் மூளை நிணநீர்ப் புற்றுநோயா என அறியத் திசு ஆய்வு செய்யப்படும்.