கையை ஆட்டினால் போதுமா?

ஆண்டு விழாவில் இருபது பேர் சேர்ந்து பாடுகிறோம். முன்னால் நின்று நடத்தும் கண்டக்டர் வேலை எனக்கு. (உடனே "டிக்கெட், டிக்கெட்"னு கிண்டல்!) சும்மா கையை ஆட்டுறதுதானேன்னு நினைச்சேன். முதல் நாளே பாட்டு மூன்று துண்டாக ஆரம்பித்தது.

தப்பு என்னுடையதுதான். "முதல் அடிக்கு முன்னால ஒரு அடி இருக்குடா. அதுல நீ மூச்சை இழு, அவங்களும் இழுப்பாங்க" என்றார் பாட்டு சார். அந்த மூச்சின் வேகம்தான் பாட்டின் வேகம். நான் மூச்சே இழுக்காமல் கையை டபக்கென்று இறக்கியிருக்கிறேன்.

நான்கு அடிப் பாட்டுக்கு வலது கை கீழே, இடம், வலம், மேலே என்று போகும். மூன்று அடி என்றால் கீழே, வலம், மேலே. எதுவானாலும் முதல் அடி கீழேதான். எண்ணிக்கை தவறியவர்கள் அதைப் பார்த்துச் சேர்ந்துகொள்ளலாம். இடது கை சத்தத்தைக் கூட்ட, குறைக்க.

முன்பு பிரான்சில் லுல்லி என்ற இசைக்கலைஞர் நீளக் கம்பால் தரையில் தட்டித் தாளம் காட்டுவாராம். கம்பு காலில் பட்டு, புண் அழுகி, 1687இல் இறந்தே போனார். நல்லவேளை, நமக்குக் கை மட்டும்தான்.

நேற்று மூச்சை இழுத்துக் காட்டினேன். இருபது பேரும் ஒன்றாக ஆரம்பித்தார்கள்! முடிக்கும்போதுதான் கடைசி வரிசை மட்டும் பாடிக்கொண்டே இருந்தது. நிறுத்துவதற்கும் ஒரு கையசைவு இருக்காம். வெள்ளிக்கிழமை சார் சொல்லித் தருகிறார்.