பொய்த்த போர்வெல்லும் மூடும் பொறுப்பும்

கொங்கு மண்டலத்தின் நிலத்தடி பெரும்பாலும் கடும்பாறையாதலால், நீர் பாறையின் வெடிப்புகளிலும் பிளவுகளிலுமே தேங்குகிறது. துளையின் பாதையில் அத்தகைய பிளவு அகப்படாவிட்டால், ஆயிரம் அடி இறக்கினாலும் புழுதியே மேலே வரும். கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத் தோட்டங்களில் பொய்த்துப்போன ஆழ்துளைக் கிணறுகள் காணப்படுவதற்கு இதுவே காரணம். பல மாநிலங்களுக்கும் ரிக் வண்டிகளை அனுப்பும் திருச்செங்கோடு இம்மண்டலத்தில்தான் இருப்பதால், துளையிடும் திறனுக்கு இங்கே குறைவில்லை. குறை, துளையை மூடுவதில்தான்.

மேல்மண் சரியாதபடி பாறை தட்டும்வரை இறக்கப்படும் குழாய் ‘கேசிங் பைப்’ எனப்படுகிறது. அதை இறக்குவதற்காக மேல்மண்ணில் போடப்படும் துளை, பாறையில் குடையப்படும் துளையைவிட அகலமானது. தண்ணீர் கிடைக்காதபோது, காசு பெறும் குழாயை உருவிக்கொண்டு, வாயில் ஒரு சாக்கையோ பலகைக்கல்லையோ போட்டுவிட்டுப் போகும் வழக்கம் உண்டு. மழையில் விளிம்பு மண் கரைந்து வாய் அகல, சாக்கு இற்று, மேலே புல் படர்ந்துவிட்டால், அங்கே குழி இருப்பது வீட்டாருக்கே மறந்துபோகிறது.

மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2019 அக்டோபர் 25 அன்று, கைவிடப்பட்ட இத்தகைய துளை ஒன்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. பக்கத்தில் இணையாக மற்றொரு குழி தோண்டி மீட்க முயன்றபோது கடும்பாறை வேலையைத் தாமதப்படுத்தியது. அக்டோபர் 29 அன்று உடலையே மீட்க முடிந்தது. விழுந்தபின் மீட்பது எவ்வளவு அரிது என்பதை அந்த நான்கு நாட்கள் காட்டின.

தடுக்கும் வழியோ எளிது. உச்ச நீதிமன்றம் 2010-இல் வகுத்த நெறிமுறைகளின்படி, துளையிடுவதற்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன் அதிகாரிகளுக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். வேலை நடக்கும்போது முள்வேலி அமைக்க வேண்டும். பயன்பாட்டிலுள்ள கிணற்றின் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் மேடை கட்டி, வாயை இரும்புத் தகட்டால் பற்றவைத்தோ, போல்ட் இட்ட வலுவான மூடியாலோ அடைக்க வேண்டும். கைவிடப்பட்டதை அடியிலிருந்து தரைமட்டம்வரை களிமண், மணல், கல் கொண்டு நிரப்ப வேண்டும். தமிழக அரசும் 2015-இல் ஊராட்சிப் பகுதிகளுக்கென விதிகளை வகுத்தது.

நீர் வராத துளைக்கு மேலும் செலவழிக்க உரிமையாளருக்கு மனம் வராது; ரிக் வண்டியோ அடுத்த ஊருக்குப் போய்விடும். எனவே அடிக்கு இன்ன விலை என்று பேசும்போதே, பொய்த்தால் மூடித் தருவதற்கான கூலியையும் சேர்த்துப் பேசி, வாய் அடைபட்ட பின்னரே கடைசித் தொகையைக் கொடுப்பது ஒவ்வொரு தோட்டக்காரரும் கைக்கொள்ள வேண்டிய வழக்கமாகும்.