கிணற்று நீரும் குளோரீனும்

கிணற்று நீரின் நோய்க்கிருமிகளைக் கொல்ல வெளிற்றுந்தூள் இடுவதைக் கமக்காரர் அறிவர். இத்தூள் தரும் குளோரீன், உக்கிய இலைகுழைகளிலிருந்து நீரிற் கரைந்த சேதனப் பொருள்களுடன் சேரின் குளோரோபோம் முதலிய சேர்வைகள் உண்டாகின்றன. ஒல்லாந்து தேசத்தவரான ரூக் என்பார் 1974 ஆம் ஆண்டில் இதனை எடுத்துக்காட்டினார். குளோரோபோமை நெடுங்காலம் மிகுதியாக உட்கொள்ளின் ஈரலும் சிறுநீரகமும் பழுதுறலாம், இலீற்றருக்கு 0.3 மில்லிகிராமே உலகச் சுகாதார தாபனம் வகுத்த எல்லை.

இதற்கஞ்சித் தூளிடாது விடுதல் பெருந்தவறு. வாந்திபேதி சில மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. கலங்கிய நீருக்கு மேலும் மேலும் தூளிடுவதும் வீணே. அழுக்கே குளோரீனை விழுங்கிவிட, கிருமிகளைக் கொல்ல எஞ்சுவது சிறிதாகும். ஆதலின் முதலிற் கிணற்றை இறைத்துச் சேற்றையும் சருகையும் அகற்றுக. தெளிந்த நீர் ஊறிய பின்னரே தூளை அளவறிந்து இடுக. கிணற்றின் மேற் கவிந்த மரக்கிளைகளையும் தறித்துவிடுக.