ஒரே கழகம்

தொழில்முறை உதைபந்தாட்ட வீரர் ஊதியங் கருதிக் கழகம் மாறுவது இன்று இயல்பு. நற் லொவ்ற்ஹவுஸோ தாம் பிறந்த ஊராகிய போல்ற்றனின் வொண்டரர்ஸ் கழகத்துக்கே 1946 முதல் 1960 வரை மத்திய முன்னணியில் ஆடி, லீக் போட்டிகளில் 255 கோல்கள் அடித்தார். 1953 இல் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் 3–1 என முன்னின்ற அக்கழகம் 4–3 எனத் தோற்றது. 1958 இல் அவரே அணித்தலைவராக நின்று, இரு கோல்களையும் அடித்துக் கிண்ணத்தை வென்றளித்தார்.

அக்காலத்தில் கழகத்தின் இசைவின்றி வீரர் விலகவியலாது. ஊதியத்துக்கும் உச்சவரம்பு இருந்தது. ஆகவே அது பற்றன்று, கட்டே என்பாரும் உளர். ஆயின் ஆட்டத்தை விட்ட பின்னரும் பயிற்றுநராய், முகாமையாளராய், 1986 முதல் 2011 இல் மறையும்வரை கழகத் தலைவராய் அங்கேயே தொண்டாற்றினார். அவ்வாண்டுகளில் அவரைப் பிணித்த விதி யாதுமில்லை.

பழைய மாணவராகிய நாம் இதனை உணர்வோம். கல்லூரி இடாப்பிலிருந்து பெயர் நீங்கிய பின்னரன்றோ நமது பற்றும் அளக்கப்படுகின்றது!