தரங்கம்பாடி மிஷன் குழுக்களின் பயண ஆயத்தம் (1705–1750)

வெளிநாட்டு ஊழியத்திற்குப் புறப்படும் ஒரு குழு கப்பலேறும் முன் எதையெல்லாம் ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும்? புராட்டஸ்டண்டு மிஷன் வரலாற்றில் இந்தக் கேள்விக்கு அனுபவத்தால் விடை தேடிய இடங்களுள் ஒன்று நம் தரங்கம்பாடி. டென்மார்க் அரசரின் ஆதரவில், ஜெர்மனியின் ஹாலே நகரில் பயின்ற இளைஞர்கள் 1706 முதல் இங்கு வந்தனர். முதலில் வந்தவர்களுக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த குழுவில் ஒருவர் தமிழின் அடிப்படையை ஐரோப்பாவிலேயே கற்றுக்கொண்டு வந்தார். இவ்விரு பயணங்களுக்கும் நடுவே மிஷன் பட்ட பாடுகளையும் அவற்றால் பெற்ற அறிவையும் இக்கட்டுரை கூறுகிறது.

அவசரப் புறப்பாடு

டென்மார்க்கின் நான்காம் பிரெடெரிக் அரசர் தம் ஆட்சிக்குட்பட்ட கடல்கடந்த பகுதிகளுக்கு மிஷனெரிகளை அனுப்ப விரும்பி, அரண்மனைப் போதகர் லூட்கென்ஸிடம் தகுந்த ஆட்களைத் தேடச் சொன்னார். சொந்த நாட்டில் ஆள் அமையாததால் அவர் ஜெர்மானிய நண்பர்களை நாடினார். அவ்வழியே கிடைத்தவர்கள் பார்த்தொலொமேயு சீகன்பால்கு, என்றிக் புளூட்சோ ஆகிய இருவர். ஹாலேயில் பேராசிரியர் பிராங்கேயிடம் பயின்றவர்கள். இருவருமே முப்பது வயதைத் தாண்டாதவர்கள். மேற்கிந்தியத் தீவுகள், ஆப்பிரிக்காவின் கினிக் கடற்கரை என்றெல்லாம் பேச்சு இருந்து, கடைசியில்தான் தரங்கம்பாடி என்று முடிவாயிற்று.

1705 நவம்பர் 11ஆம் நாள் கோபன்ஹேகனில் இருவருக்கும் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. நவம்பர் 29ஆம் நாள் 'சோபியா ஹெட்விக்' என்ற கப்பலில் புறப்பட்டார்கள். இடையில் இருந்தவை பதினெட்டே நாட்கள். வேதமொழிகளில் பயிற்சியும், ஜெபவாழ்வில் உறுதியும் அவர்களிடம் இருந்தன. போகும் ஊரின் மொழியோ, வழக்கமோ, அதிகாரம் யார் கையில் என்பதோ தெரியாது. சீகன்பால்கு மாணவப் பருவத்திலிருந்தே உடல்நலம் குன்றியவர். இன்றைய மருத்துவப் பரிசோதனையில் அவர் தேறியிருப்பாரா என்பது ஐயமே.

அரசரின் ஆணையும் கவர்னரின் கோட்டையும்

ஏழு மாதங்களுக்கு மேல் கடலில் கழித்து 1706 ஜூலை 9ஆம் நாள் வந்து சேர்ந்தார்கள். அரசர் அனுப்பியவர்கள் என்பதால் வரவேற்பு இருக்கும் என்று அவர்கள் எண்ணியிருக்கக் கூடும். ஆனால் ஊரை நடைமுறையில் ஆண்டது டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி. மிஷன் வேலை வாணிகத்துக்கு இடையூறு என்று கருதிய கவர்னர் ஹாசியஸ் அவர்களை முகம்கொடுத்தும் பேசவில்லை. 1708இல் ஒரு தமிழ் விதவையின் கடன் வழக்கில் சீகன்பால்கு தலையிட்டதை ஒட்டிச் சச்சரவு முற்றி, அவர் கோட்டையில் நான்கு மாதங்கள் அடைபட்டுக் கிடந்தார். அதே ஆண்டு ஐரோப்பாவிலிருந்து வந்த பணம் கப்பலிலிருந்து கரைக்கு வரும்போது படகு கவிழ்ந்து கடலில் போயிற்று. மாற்று ஏற்பாடு ஏதும் இல்லாமல் கடன் வாங்கி நாட்களை ஓட்டினார்கள்.

இன்று வெளிநாடு செல்லும் குழுவிடம் விசா மட்டும் போதாது, போகுமிடத்துத் திருச்சபையின் அழைப்பும் வேண்டும் என்றும், பணம் முழுவதையும் ஒரே இடத்தில் வைக்காதே என்றும் மூத்தவர்கள் சொல்வது வெறும் எச்சரிக்கையன்று. முன்சென்றவர்கள் பட்டறிந்தது அது.

மணலில் எழுதிய பாடம்

மொழிக்கு வருவோம். ஆசிரியப் பணியில் இருந்தவன் என்பதால் இந்தப் பகுதியில் எனக்குத் தனி விருப்பம் உண்டு.

கடற்கரை ஊர்களில் அந்நாளில் பொதுமொழியாகப் புழங்கியது போர்த்துக்கீசியம். இருவரும் முதலில் அதைக் கற்கத் தொடங்கினர். பிறகு வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்: புளூட்சோவுக்குப் போர்த்துக்கீசியம், சீகன்பால்குக்குத் தமிழ். ஒருவர் இரண்டையும் அரைகுறையாகக் கற்பதைவிட இது நல்ல ஏற்பாடு. குழுவாக வந்ததன் பயன் முதலில் தெரிந்த இடமும் இதுவே.

ஒரு முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியரைத் தம் வீட்டிலேயே பள்ளியை நடத்த அழைத்தார்கள். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, விரலால் மணலில் 'அ'னா 'ஆ'வன்னா எழுதிப் பழகினார் சீகன்பால்கு. பட்டம் பெற்ற போதகர் சிறுவர்களோடு உட்காரக் கூச்சப்பட்டிருந்தால் கதையே வேறாகியிருக்கும். எழுத்து வந்தது, பொருள் விளங்கவில்லை. ஆசிரியருக்கு ஐரோப்பிய மொழி தெரியாது. அதன்பின் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன் என்பவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். ஓலைச்சுவடிகளையும் தேடித் தேடிச் சேர்த்தார் சீகன்பால்கு. 1708இல் அவர் எழுதிய பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்கள் குறிக்கப்பட்டுள்ளன. தாம் யாரிடம் பேச வந்தோமோ அவர்கள் என்ன படிக்கிறார்கள் என்று அறியாமல் பேசக் கூடாது என்பதை அவர் வந்த பிறகே கண்டுகொண்டார்.

இரண்டாம் குழுவின் மனத்தாங்கல்

1709இல் கிரண்ட்லர், போவிங், யோர்தான் ஆகிய மூவர் வந்தனர. இப்போது கைகள் கூடின. கூடவே கருத்து வேற்றுமையும் வந்தது. கிரண்ட்லர் சீகன்பால்குக்கு உற்ற துணையானார். போவிங்கோ பணி நடக்கும் முறையில் உடன்படாமல் 1711இல் திரும்பிவிட்டார். அவருடைய மனக்குறை ஐரோப்பாவரை எட்டி மிஷனுக்குச் சங்கடம் தந்தது. யாருடைய பொறுப்பு எது, பிணக்கு வந்தால் யார் தீர்ப்பது என்பவற்றை ஊரிலேயே பேசி முடிக்காத குழு, வெயிலும் காய்ச்சலும் சேர்ந்த இடத்தில் அதைப் பேசித் தீர்ப்பது கடினம். வெளிப்பகையைவிட இந்த உட்பிணக்கே அதிகச் சேதம் செய்தது என்பது என் கருத்து.

அச்சகத்தின் பயணமும் சொல்லத்தக்கது. இலண்டனிலிருந்து ஒரு கிறிஸ்தவச் சங்கம் அனுப்பிய அச்சு இயந்திரம் வந்த கப்பலைப் பிரேசில் அருகே பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். அச்சாளர் வழியிலேயே இறந்தார். இயந்திரம் மட்டும் 1712இல் வந்தது. தமிழ் அச்செழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டு 1713இல் வந்தன. புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது.

ஹாலேயில் ஒரு தமிழ் வகுப்பு

தரங்கம்பாடியிலிருந்து சென்ற கடிதங்களையும் அறிக்கைகளையும் ஹாலே நகரத்தார் 1710 முதல் தொடர்ந்து அச்சிட்டார்கள். ஆதரவாளர்கள் காணிக்கை தரவே அவை முதலில் பயன்பட்டன. அடுத்துப் புறப்படுவோருக்குப் பாடநூலாகவும் ஆயின. சீகன்பால்கு ஐரோப்பா சென்றிருந்தபோது, இலத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் வெளிவந்தது. மூன்றாண்டு கழித்து, 1719 பிப்ரவரியில், தரங்கம்பாடியில் அவர் காலமானார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

தமிழகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய பெஞ்சமின் ஷூல்ட்சே 1743இல் நாடு திரும்பி ஹாலேயில் தங்கினார். தமிழ் வேதாகமத்தை அங்கே அச்சிட எண்ணிய அவருக்கு உதவியாக இருந்து தமிழ் கற்ற மாணவரே கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ். சுவார்ட்ஸ், பொல்ட்சென்ஹாகன், ஹூட்டெமான் ஆகிய மூவரும் 1750 ஜூலையில் கடலூரில் இறங்கினர். அதே ஆண்டு நவம்பரில், சீகன்பால்கு கட்டிய புது எருசலேம் ஆலயத்தில் சுவார்ட்ஸ் தமிழில் பிரசங்கம் செய்தார். வந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. பின்னர் திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சாவூரிலும் பணிசெய்த அவர், ஐரோப்பாவுக்குத் திரும்பாமலே 1798இல் தஞ்சாவூரில் மறைந்தார்.

அவருடன் ஒரே கப்பலில் வந்த பொல்ட்சென்ஹாகனுக்கு அத்தனை காலம் கிடைக்கவில்லை. புதிய பணித்தலமாக நிக்கோபார் தீவுகளுக்குச் சென்ற அவர், 1756இல் அங்கேயே இறந்தார்.